இரண்டாம் அங்கத்து இடி

மேடையில் இடி விழுந்ததும் கூட்டம் கைதட்டியது. மேல்மாடத்தில் இருந்தவர்கள் "இன்னொரு தடவை" என்று பலகையை உதைத்துக் கேட்டார்கள். லண்டன் ரசிகர்கள் அப்படித்தான், பிடித்துவிட்டால் எதையும் இரண்டாம் முறை கேட்பார்கள்.

நீதிபதி அவர்களே, நான் நகைச்சுவை இசை நாடகங்கள் எழுதுகிறவன். வசனமும் பாட்டு வரிகளும் என்னுடையவை. மெட்டுகள் மற்றவர்களுடையவை. இது திருட்டு இல்லை, இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஓர் இத்தாலியரின் சோக கீதத்தில் பன்றிக்கறிக் கடைக்காரன் காதலைச் சொன்னால் ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். இத்தாலியர் கல்லறையில் இருக்கிறார், அவருக்கு ஆட்சேபம் இல்லை. எனக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. செத்தவர்களிடம் மட்டுமே எடுப்பேன்.

'பேரிக்காய்த் தோட்டத்துக் கல்யாணம்' நாடகத்தில்தான் சறுக்கிவிட்டேன். இரண்டாம் அங்கத்தில் கதாநாயகிக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. எங்கள் முதல் வயலின்காரன் சைலஸ் தர்குட், ஒத்திகை தொடங்கும்வரை தனக்குத்தானே ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருப்பான். அதை எடுத்துக்கொண்டேன். ஒத்திகையில் அந்தப் பாட்டு வந்ததும் அவன் வில்லைக் கீழே வைத்தான்.

"என்ன மிஸ்டர் விக்கெரி, செத்தவன் பையெல்லாம் காலி ஆயிடுச்சா? உயிரோட இருக்கிறவன் பையிலயே கை விடுறீங்க?"

"சின்ன மெட்டுதானே, சைலஸ்."

"அப்ப நோட்டீஸ்ல என் பேரைப் போடுங்க. இல்லன்னா முதல் நாள் அன்னிக்கு, இந்தப் பாட்டு வர்றப்ப எழுந்து நின்னு சபையில சொல்லுவேன்."

"சொல்லேன்," என்றான் புல்லாங்குழல்காரன். "அதுக்கும் யார்கிட்டயாவது ஒரு மெட்டு எடுத்துடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நோட்டீஸில் பெரிய பெரிய இத்தாலியப் பெயர்கள் இருந்தன. அவற்றின் கீழே 'சைலஸ் தர்குட்' என்று அச்சடித்தால் மீன் கடைப் பலகை மாதிரி இருக்கும். சபையில் அவன் எழுந்து கத்தினாலோ, நாடகம் அன்றோடு முடிந்துவிடும். மெட்டை மாற்றலாம் என்றால், கதாநாயகிக்கு அது ஒன்றுதான் ஒழுங்காகப் பாட வந்தது. மெட்டை மாற்ற முடியாது. கொள்கையை மாற்றும் பழக்கம் எனக்கு இல்லை. மாற்றக்கூடியது சைலஸ் மட்டும்தான்.

எங்கள் அரங்கில் இடிச் சத்தத்துக்காக, கூரைக்கு அடியில் ஒரு சாய்வான மர வாய்க்காலில் பீரங்கிக் குண்டை உருட்டுவார்கள். கடைக்கோடியில் ஒரு தடுப்புப் பலகை உண்டு. முதல் நாள் மத்தியானம் மேலே ஏறி அதைக் கழற்றினேன். அந்த இடத்துக்கு நேர்கீழே சைலஸின் நாற்காலியை இழுத்துப் போட்டேன். புயல் காட்சி அவன் பாட்டுக்கு முன்னால்தான் வருகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். நானே எழுதியது.

குண்டு வாய்க்காலுக்குக் கீழே இருந்த சுண்ணாம்பு உள்கூரையை உடைத்துக்கொண்டு நேராக அவன் தலையில் இறங்கியது. அவன் வலி உணர்ந்திருக்க மாட்டான். அதுவும் வேடிக்கைதான் என்று சபை நினைத்தது. அவனைத் திரைக்குப் பின்னால் தூக்கிப்போனார்கள், நான் அடுத்த பாட்டுக்குக் கையசைத்தேன். அந்தப் பாட்டை இரண்டு முறை பாட வைத்தார்கள். அப்போது அது முறைப்படி செத்தவன் மெட்டு.

மறுநாள் அவன் மனைவி டார்க்கஸ் வயலினை வாங்கிப்போக வந்தாள்.

"அந்த மெட்டுக்காகவா உங்ககிட்ட சண்டை போட்டாரு? அது அவரோடதே இல்லைங்க," என்று அழுதாள். "அவங்க தாத்தா யார்க்‌ஷயர்ல ஆடு மேய்க்கிறப்ப பாடினது. கிழவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு."

என் கைக்குட்டையை அவளிடம் கொடுத்தேன். உள்ளபடியே மனம் லேசாகிவிட்டது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? அப்ப நான் எடுத்ததுல தப்பே இல்லையே."