இளங்கதிர் கழகத்தை மூடுவதற்கு முன்

தலைமை நாற்காலிக்குத் தகுதி சேர்க்கும் கழகத் தலைவர் சபாபதி ஐயா அவர்களே! அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டும், நம் கழகத்தில் பதினெட்டு ஆண்டும் பேனா பிடித்துப் பெயர் பெற்ற செயலாளர் தயானந்தன் ஐயா அவர்களே! ஊதலை வாயிலும் பிள்ளைகளை நெஞ்சிலும் வைத்திருக்கும் பயிற்றுநர் தம்பி மூர்த்தி அவர்களே! வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடையைப் பிடித்துத் திடலோரம் நின்ற தாய்மார்களே! செம்பனைக் குலை வெட்டியும், லோரி ஓட்டியும், திங்கள் விடியுமுன் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறியும் வீட்டைக் காக்கும் தந்தைமார்களே! மகன் ஹைக்காலுக்காகத் தமிழ்ப் பேச்சையும் பொறுமையாய்க் கேட்டுக்கொண்டிருக்கும் மலாய்ச் சகோதரி காக் லீனா அவர்களே! பிரியாணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று மூக்காலேயே கண்டுபிடித்துவிட்ட என் முன்வரிசைச் செல்வங்களே! ஜொகூர் மாநிலச் சாஆ பட்டணத்தின் சகல பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும், இந்தக் கால்பந்துக் கழகத்தின் ஜெர்சிகளைத் துவைக்கும் பேச்சியம்மாளின் பணிவான, ஆனால் பயமில்லாத வணக்கம்!

தம்பி, அந்தப் பொன்னாடையை அப்படியே வையுங்கள். இப்போது போர்த்த வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்கிறேன்? தோளில் பொன்னாடை விழுந்தவர் எவராவது அதன் பிறகு மேடையில் கேள்வி கேட்டதுண்டா? இந்த மண்டபத்தில் எத்தனை விழா பார்த்திருக்கிறேன்! சண்டை போட வந்தவர் தோளிலும் ஒரு பொன்னாடை விழும். உடனே சிரிப்பார், கும்பிடுவார், படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். நானும் மனுஷிதான். போர்த்தினால் மயங்கிவிடுவேன். நான் மயங்குவதற்கு வரவில்லை. கேட்பதற்கு வந்திருக்கிறேன்!

என்ன கேட்க வந்தேன்? பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு உடைந்து நான்கு மாதம் ஆகிறது. அதை மாற்றாத கழகத்துக்கு இன்று பந்தல் எங்கிருந்து வந்தது? வாழைமரம் எங்கிருந்து வந்தது? எட்டுப் பொன்னாடை எங்கிருந்து வந்தது? பிறந்தபோது இல்லாத பகட்டு, மூடும்போது மட்டும் ஏன்? அவசர அவசரமாய் அலங்கரிக்கிறார்கள் என்றால், அலங்காரத்துக்குப் பின்னால் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பது தப்பா?

என் மருமகள் அங்கே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அத்தை, மேடையில போயும் சந்தேகப்படாதீங்க லா" என்று வீட்டிலேயே சொல்லித்தான் அனுப்பினாள். அம்மா, நான் சந்தேகப்பிறவிதான். கடையில் வாங்கிய முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் கூடையில் வைத்தவளில்லை. இன்றைக்கா மாறப் போகிறேன்?

அழைப்பிதழில் என்ன அச்சடித்திருக்கிறது? "பிள்ளைகளின் வருகை குன்றிய காரணத்தால் கழகம் கலைக்கப்படுகிறது." வெறும் பத்துப் பிள்ளைகள்தான் வருகிறார்களாம்!

அன்பர்களே, நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் பத்துக்கும் இருபத்தேழுக்கும் வித்தியாசம் தெரிய ஐந்தாம் வகுப்பு போதும்!

நம் கழகத்தில் ஜெர்சி பிள்ளைகளோடு வீட்டுக்குப் போகாது. ஏன் என்று புதியவர்களுக்குச் சொல்கிறேன். முதல் வருடம் பெக்கோக்கில் போட்டி. மூன்று நாள் மழை. வீட்டில் துவைத்துப் போட்ட ஜெர்சி காயவில்லை என்று ஏழு பிள்ளைகள் பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து நின்றார்கள். நடுவர் உள்ளே விடவில்லை. ஒரு பந்துகூட உதைக்காமல் அழுதுகொண்டே வேனில் ஏறினார்கள். அன்றைக்குச் சொன்னேன்: "இனிமே ஒரு துணியும் உங்க வீட்டுக்குப் போவாது. எல்லாம் என் கூடைக்கு வரும்." பதினெட்டு வருடமாய் வருகிறது. சனிக்கிழமை பயிற்சி முடிந்தால் சேறு படிந்த ஜெர்சி தனிக் கூடை, சேறு படியாத ஜெர்சி தனிக் கூடை.

போன சனிக்கிழமை சேற்றுக் கூடையில் எத்தனை? இருபத்தேழு! அதற்கு முந்திய வாரம்? இருபத்தாறு! நாக்கு நயமாய்ப் பொய் சொல்லும். நோட்டீசு அழகாய்ப் பொய் சொல்லும். நீல ஜெர்சியின் முழங்கையில் ஒட்டிய செம்மண் சேறு பொய் சொல்லுமா? வராத பிள்ளையின் சட்டையில் வியர்வை எப்படி வந்தது? ஆடாத பிள்ளையின் காலுறையில் புல் எப்படி ஒட்டியது?

ஆகவே தேடினேன். துப்புத் துலக்கினேன்.

முதலில் திடலில் இரண்டு பேர் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். ஆகா, அகப்பட்டது! திடலை விற்றுவிட்டார்கள், வீடு கட்டப் போகிறார்கள் என்று நேரே போய் வழிமறித்தேன். "யாருப்பா ஒங்கள அனுப்புனது?" அந்தப் பையன் பயந்துபோய், "பாட்டி, லோங்காங் கட்ட அளக்குறோம் பாட்டி. மழைத் தண்ணி நிக்குதுன்னு நீங்கதானே மனு கொடுத்தீங்களாம்" என்றான். ஆமாம், கொடுத்தது நான்தான். சிரிக்காதீர்கள். அந்தச் சாக்கடை முடியும் வரைக்கும் அவன்மீதும் ஒரு கண் இருக்கிறது.

அடுத்தது தம்பி மூர்த்தி. ஜொகூர்பாருவில் சம்பளம் கொடுக்கும் பயிற்சிக்கூடத்துக்குத் தாவப் போகிறார் என்று ஒரு பேச்சு. மூஞ்சிக்கு நேரே கேட்டேன். "அலமாக் பாட்டி! இந்த வயித்தப் பாத்துட்டு எவன் என்னைக் கூப்புடுவான்? மூடப் போறோம்னு சேர்மேன் போன் பண்ணித்தான் எனக்கே தெரியும்" என்றார். வயிற்றைப் பார்த்தேன். நம்பினேன்.

தலைவர் ஐயாவிடம் போனேன். "எனக்கென்னக்கா தெரியும்? பிள்ளைங்க வரலன்னு தயா சொன்னாரு, நானும் சரின்னேன்." ஐயா, கோபிக்கக் கூடாது. நீங்கள் திடலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறதே! வந்து பார்க்காத தலைவர், வரவில்லை என்று சொன்னதை நம்பினார்!

சுற்றிச் சுற்றி எல்லா வழியும் ஒரே வாசலில் போய் நின்றது.

இந்த விழாவுக்குச் செயலாளர் அணிய வேண்டும் என்று கழகத்து நீல ஜாக்கெட்டைப் போன புதன்கிழமை அவர் வீட்டிலிருந்து என்னிடம் துவைக்கக் கொடுத்தார்கள். பையைப் பார்க்காமல் நான் எதையும் தண்ணீரில் போடமாட்டேன். உள்பையில் நான்காய் மடித்த கடிதம். தலையில் அரசாங்க முத்திரை, சிவப்புச் சாப்பு. நம் கழகத்தின் பெயர். எனக்கு மலாய் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பொருள் முழுதும் பிடிபடாது. பேத்தி லோஷினியைக் கூப்பிட்டேன். நம் கழகத்தின் கோல்கீப்பர், பதின்மூன்று வயது, அதோ கையுறையோடு விழாவுக்கு வந்திருக்கிறாளே, அவள்தான். படித்தாள். படித்து முடித்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "பாட்டி, அப்ப மாவட்டப் போட்டியில நான் நிக்க முடியாதா?"

கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பதிவு உள்ள கழகத்தின் பிள்ளைக்குத்தான் மாவட்டப் போட்டியில் இடம். வருகிற மாதம் போட்டி. இந்தக் கழகம் இன்று செத்தால், இருபத்தேழு பிள்ளைகளும் அன்று திடலுக்கு வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பெக்கோக்கில் ஏழு பிள்ளை அழுததைப் பார்த்தவள் நான். இருபத்தேழைப் பார்க்கச் சொல்கிறீர்களா?

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு. தப்பைச் செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஜாக்கெட்டை மடித்து எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் துணைவியார் அன்னலட்சுமி அம்மாள் தேநீர் கொடுத்தார். ஐயா ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். "அக்கா, பையில ஏதும் இருந்ததோ?" நான் சொன்னேன்: "ஒண்ணுமில்லீங்க." அவர் சொன்னார்: "ஓம், ஒண்டும் இல்லைத்தான்." இரண்டு கிழங்கள் எதிரெதிரே உட்கார்ந்து பொய் குடித்தோம். தேநீர் ஆறிப்போனது.

சபையோரே, அந்தக் கடிதம் இதோ, என் முந்தானையில் இருக்கிறது. இதை நான் படிக்கப் போவதில்லை. படிக்க வேண்டியவர் மேடையிலேயே இருக்கிறார். ஐயா, கேட்கிறேன்: நம் பிள்ளைகள் வரவில்லையா? அல்லது வேறெதுவோ வரவில்லையா?

சத்தம் போடாதீர்கள். எழுந்திருக்கிறார். மைக் வேண்டாம் என்கிறார். சரி, சொல்லுங்கள் ஐயா, நான் உங்கள் வார்த்தையை அப்படியே மைக்கில் சொல்கிறேன்.

"ஓம், பிழை என்னுடையதுதான். மூண்டு வருசமா ஆண்டுக் கூட்டம் நடக்கல்ல. பாதி உறுப்பினர் வந்தாத்தான் கூட்டம் செல்லும். ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு பேர் வந்து டீ குடிச்சிட்டுப் போனாங்க. வராத ஆளை வந்ததா எழுத என் கை வரல்ல. இந்த மாசக் கடைசிக்குள்ள ஆண்டு அறிக்கை போகாட்டிப் பதிவு ரத்து எண்டு பதிவு அலுவலகத்தில இருந்து கடிதம். முப்பத்தாறு வருசம் மத்தவன்ட ஃபைலைத் திருத்தினவன், சொந்தக் கழகத்தின்ட ஃபைலைக் கோட்டை விட்டுட்டான் எண்டு இந்தப் பட்டணம் சிரிக்குமே எண்டு பயந்தன். ரத்து ஆகிறதுக்கு முன்னால நாமளா மூடினா மரியாதையா இருக்கும் எண்டு நினைச்சன்."

கேட்டீர்களா?

பின்னால் யார் அது, "அப்பவே சொல்லிருக்கலாம்ல" என்று கத்துவது? செல்வாவா? எழுந்து நில்லப்பா. போன வருடம் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தாயா? "ஷிப்டு இருந்துச்சு பாட்டி"யா? அன்றைக்கு நீ மெர்சிங்கில் படகில் நின்று மீனைத் தூக்கிப் பிடித்த படம் என் பேத்தியின் போனில் இருக்கிறதே! உட்கார். உட்கார்ந்துகொள்.

திருடன் யார், திருடன் யார் என்று தேடித்தானே நான் புறப்பட்டேன்? திடலைத் திருடினார்களா? பயிற்றுநரைத் திருடினார்களா? இல்லை அம்மா, இல்லை ஐயா! முதல் வருடம் கூட்டத்தன்று கோயில் திருவிழா என்றோம். இரண்டாம் வருடம் தலைவர் வீட்டுக் கல்யாணம் என்றோம். மூன்றாம் வருடம் காரணம்கூடச் சொல்லவில்லை! ஐம்பது நாற்காலியை விரித்து வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலி நாற்காலி யாருடையது? உன்னுடையது! உங்களுடையது! முதல் வரிசையில் முதல் காலி நாற்காலி இந்தப் பேச்சியம்மாளுடையது! நானும் உறுப்பினர்தான். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்குப் படித்தவர்கள் கூட்டத்தில் என்ன வேலை என்று வீட்டில் உட்கார்ந்து சட்டைக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தேன். முட்டையை எல்லாம் தூக்கிப் பார்த்தவள், என்னைத் தூக்கிப் பார்க்கவில்லையே!

ஐயா தயானந்தன் அவர்களே, நீங்கள் செய்ததும் சரியில்லை. பத்துப் பிள்ளை என்று அச்சடித்தீர்கள்; ஓடி ஓடி ஆடிய பதினேழு பிள்ளைகளை ஒரே வரியில் இல்லாமல் செய்தீர்கள். உங்கள் வெட்கத்துக்கு விலை அவர்களா? ஆனால் இன்னொன்றும் சொல்வேன். கூடாத கூட்டத்தைக் கூடியதாக எழுத இரண்டு நிமிடம் போதும். நீங்கள் எழுதவில்லை. அந்தக் கை எனக்கு வேண்டும். அந்தக் கை இந்தக் கழகத்துக்கு வேண்டும்!

இப்போது ஒரு கணக்குக் கேட்கிறேன். உறுப்பினர் எத்தனை பேர்? அறுபத்து நான்கு. பாதி? முப்பத்திரண்டு. இந்த மண்டபத்தில் இப்போது எத்தனை உறுப்பினர் உட்கார்ந்திருக்கிறார்கள்? தம்பி மூர்த்தி, நான் பேசும்போது எண்ணச் சொன்னேனே, எத்தனை? ஐம்பத்தொன்று! பிறந்தநாளுக்கு வராதவர்கள் சாவுக்குப் பிரியாணி சாப்பிட ஐம்பத்தொரு பேர் வந்திருக்கிறீர்கள்!

முன்னறிவிப்பு வேண்டும் என்று தலைவர் மெதுவாய்ச் சொல்கிறார். பதினான்கு நாள் வேண்டுமாம். ஐயா, அழைப்பிதழ் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கீழ்வரியைப் படியுங்கள். சின்ன எழுத்தில், "ஆண்டுப் பொதுக்கூட்டமும் கலைப்புத் தீர்மானமும்." கழகத்தைக் கலைப்பதென்றாலும் ஆண்டுக் கூட்டத்தில்தான் கலைக்க வேண்டும் என்று செயலாளர் ஐயா சட்டப்படி அச்சடித்திருக்கிறார்! மூடும்போதும் முறை தவறாத மனிதர்! அந்த முறை இன்று நம்மைக் காக்கட்டும்!

ஆகவே கூட்டம் இது! ஆண்டுக் கூட்டம் இது! மூன்று ஆண்டு கூடாத கூட்டம் இதோ கூடிவிட்டது! தீர்மானத்தை இப்போதே வையுங்கள். இளங்கதிரை மூட வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

ஒன்று?

ஒன்றுமில்லை. தலைவர் ஐயா, உங்கள் கை மேசைக்கடியில் இருக்கிறது. மேலே எடுத்துக் காட்டுங்கள். சந்தேகம்தான்! நல்லது. மூட வேண்டாம் என்பவர்கள்?

மூர்த்தி, எண்ணு. முன்வரிசைப் பிள்ளைகளே, உங்கள் கை கணக்கில் சேராது, இருந்தாலும் தூக்குங்கள்! லோஷினி, கையுறையோடு தூக்கு!

ஐம்பத்தொன்று. ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். இந்த முறை உள்ளதை உள்ளபடியே எழுதலாம்.

இனி யாரும் நழுவக் கூடாது. வாசலில் நம் கழகத்துப் பிள்ளை கவின் வருகைப் புத்தகத்தோடு நிற்கிறான். கையெழுத்துப் போட்டவர்க்கே பிரியாணிப் பொட்டலம். நாளைக் காலை செயலாளர் ஐயாவும் நானும் மூர்த்தியின் வேனில் அறிக்கையைப் பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நீங்கள் வர வேண்டாம் அக்கா என்கிறார். வருவேன். வாங்கிக்கொண்டேன் என்று அந்த மேசையில் சாப்பு விழும் சத்தத்தை என் காதால் கேட்காமல் நான் யாரையும் நம்புவதாயில்லை.

நீண்ட நேரம் பொறுத்த காதுகளுக்கு நன்றி. வாசலில் பேனாவை எடுக்கப் போகும் ஐம்பத்தொரு கைகளுக்கும் என் வணக்கம்!