கயிற்றைத் தொட்ட கைக்கும் பங்கு

இப்பள்ளிக் குழுவின் தலைவரும் இந்த அவையின் தலைவருமான பெருமதிப்பிற்குரிய தில்லைநாதன் அவர்களே! அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளையை மடியிலும் பெருமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! ஆங்கில மன்றத்தைத் தொடங்கிவைக்கத் தமிழ் பேசுகிறவனை அழைத்த மாணவச் செல்வங்களே! சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வந்திருக்கும் இந்தக் கலியமூர்த்தியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். கிரேஸ் என்ற சொல்லை எடுத்து வந்திருக்கிறேன். எத்தனை வேலை பார்க்கிறது அந்தச் சொல்! நடனமாடும் நங்கையின் நளினமா? அது கிரேஸ். உண்ணுமுன் கண்மூடிச் சொல்லும் நன்றியா? அதுவும் கிரேஸ். சீமையிலே கோமகனை அழைக்கும் மரியாதையும் அதுதான், தவணை தவறியவனுக்குத் தரும் சலுகை நாளும் அதுதான், தேர்விலே தத்தளிப்பவனைக் கரைசேர்க்கும் மதிப்பெண்ணும் அதுதான். மாணவர்கள் கை தட்டுகிறீர்கள்! இவ்வளவு நேரம் கொட்டாவி விட்டவர்கள் மார்க் என்றதும் விழித்துக்கொண்டீர்கள்!

எங்கள் ஊர்க் கூத்தன் தூக்கிய திருவடியைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் இதே சொல்லைச் சொன்னார். அழகைச் சொன்னாரா, அருளைச் சொன்னாரா, நான் கேட்கவில்லை. உழைப்பை அளந்து கொடுத்தால் அது கூலி. அளக்காமல் கொடுத்தால் அருள். அந்த அருளை நான் கண்ணால் கண்டது கோயிலில் அல்ல, தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில்!

சென்ற மாதம் அங்கே காலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கரைக்கு வந்துவிட்ட நேரம். வேடிக்கை பார்க்கப் போன நான் ஆசைக்குக் கயிற்றைப் பிடித்தேன். நான் இழுத்தேனா, கயிறு என்னை இழுத்ததா, அது கடலுக்குத்தான் தெரியும். மீனைப் பங்கு வைத்த வேலம்மாள் என்ற அம்மையார் என் கையிலும் ஒரு பங்கு வைத்தார். நானோ மீன் உண்ணாத வீட்டுப் பிள்ளை. வேண்டாம், நான் ஒன்றும் இழுக்கவில்லையே என்று திருப்பி நீட்டினேன். கரையே முகம் சுளித்தது. நான் செய்தது பெரிய பிழை.

அந்த அம்மையார் சொன்னார்: "கயித்தத் தொட்டுட்டீங்க, பங்கு உண்டு சார். நீங்க வேணாம்னு போயிட்டா, நாளைக்குக் கடைசியா ஓடியாறவன் கை நீட்டக் கூச்சப்படுவான்."

வாங்கிக்கொண்டேன். சிதம்பரம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்துச் சொல்லப் போவதைச் சிரித்துக்கொண்டு கேட்க முடியாது.

அந்த வேலம்மாளின் மகள் தனக்கோடி இந்தப் பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவி. தாய் காய்ச்சலில் கிடந்தபோது, மீன்கூடையை மகள் தலையில் ஏற்றி மேல்பட்டாம்பாக்கம் வரை போய் விற்றாள். அதனால் வருகை குறைந்தது. தேர்வு எழுதக் கூடாது என்று பெயரை அடித்துவிட்டார்கள். குழு பரிந்துரைத்தால் எழுதலாம். பரிந்துரைக்கக் குழு தயங்குகிறது. ஒருத்தியை விட்டால் எல்லோரும் பள்ளிக்கு மட்டம் போடுவார்களாம்!

அப்படியா? கடைசியில் வந்தவனுக்கும் மீன் உண்டு என்பதற்காகக் கரையில் எல்லோரும் கடைசியிலா வருகிறார்கள்? விடியுமுன் போய்ப் பாருங்கள், கயிறு பிடிக்க இடம் கிடைக்காது! கொடுத்துக் கெட்டது எந்தக் கரை? மன்னித்து மூழ்கியது எந்தப் படகு? அகராதியில் இருக்கும் அருளுக்கு மேடை போட்டு விழா எடுக்கிறோம். பத்து வகுப்பு படித்துவிட்டுப் பள்ளி வாசலில் நிற்கிற பெண்ணுக்குக் கதவைச் சாத்துகிறோம். எனக்குக் கோபம் வருகிறது. தலைவர் அவர்களே, விருந்தாளி வரம்பு மீறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையெழுத்து, ஒரே ஒரு கையெழுத்து...

என்ன? தலைவர் ஏதோ சொல்கிறார். அமைதி, கொஞ்சம் அமைதி. மைக்கை அவர் பக்கம் திருப்புகிறேன், நீங்களே கேளுங்கள்.

"பொண்ண நாளைக்கே வரச் சொல்லுங்க. நான் எழுதி அனுப்பறேன். அவ எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு."

தாய்மார்களே, கேட்டீர்களா! நான் இன்னும் அரை மணி நேரம் பேசத் தயாராக வந்தேன். இனி ஒரு சொல்லும் தேவையில்லை. தலைவருக்கு என் நன்றி, பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் வணக்கம். யாராவது சைக்கிள் வைத்திருந்தால், தேவனாம்பட்டினத்துக்கு இப்போதே கிளம்புங்கள்.