டீச்சர் விட்ட இடைவெளி

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். மழை விட்டு, சாக்கடை மட்டும் சலசலவென்று ஓடுகிற நேரம். கிடங்குகளுக்குப் பின்னால் போகும் தெரு... ஒரு விளக்கு எரிந்தால் மூன்று எரியாது. ஆள் கிடையாது. நாய்கூடக் கிடையாது. அந்தத் தெருவில் ஒருவர் விசிலடித்துக்கொண்டே போகிறார். தைரியத்தில் இல்லை, பயத்தில்.

யாரென்று கேட்கிறீர்களா? நம்ம மெக்கானிக் இருக்கிறானே, அவனுடைய அக்கா வீட்டுக்காரர். அவன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதையில்லை இது.

அந்த மனுஷர் ஒரு டுடோரியலில் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் வைத்த பெயர் 'தம்ப்நெயில் சார்'. வீடியோவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு படம் தெரியுமே, அது ஒவ்வொன்றிலும் இவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். பக்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி. 'ஒரே நிமிடத்தில் பின்னம்!' என்று கொட்டை எழுத்து. உள்ளே போனால் படத்தில் இருந்த அளவுக்குக்கூட விஷயம் இருக்காது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அதே டுடோரியலில் ஒரு டீச்சரம்மா இருந்தார். அவரும் வீடியோ எடுப்பார், ஆனால் முகத்தைக் காட்டவே மாட்டார். மேசைக்கு மேலே போனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வெள்ளைத் தாள், ஒரு மார்க்கர், இரண்டு கை... அவ்வளவுதான் பாடம். மணிக்கட்டு வலிக்கென்று எப்போதும் தைலம் தேய்த்திருப்பார். அவர் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு கேள்வி கேட்பார். மார்க்கரை மூடுவார், 'டொக்'. பிறகு கையைத் தாளின் மேல் வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

"அவசரமில்ல. யோசிச்சு சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்."

அரை நிமிஷம், சில சமயம் ஒரு நிமிஷம். சத்தமே இருக்காது. வீட்டில் பிள்ளைகள் போனைப் பார்த்துப் பதில் சொல்லும். போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி வந்து, டீச்சர் போய்விட்டார்.

இப்போது நம்ம சார் கதைக்கு வருவோம். முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "நாளைக்குக் காலைல பின்னம் பாடம் முழுசும் வீடியோவா என் கைல இருக்கணும். இருந்தா நீங்கதான் வீடியோ பிரிவுக்குத் தலைவர். இல்லன்னா... வாசல் தொறந்துதான் இருக்கு, சார்."

பாடம் எடுக்க அவருக்குக் கொடுத்த நாள் நிறையவே இருந்தது. அத்தனை நாளும் வாய் பிளந்த படம் எடுத்தே ஓட்டிவிட்டார். இந்த அழகில், தலைவர் ஆகிவிட்டதாக மாமியார் வீடு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பெண்டாட்டி, மச்சினன் எல்லோரையும் காலையில் வந்து பார்க்கச் சொல்லி அழைத்தும் விட்டார். வெட்கம் கெட்ட ஜென்மம்!

அப்போதுதான் அந்த யோசனை. டீச்சர் கடைசியாக எடுத்த பின்னப் பாடங்கள், யாருக்கும் போட்டுக் காட்டாமல், டுடோரியல் கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்கின்றன. கைக்கு முகம் கிடையாது, யார் கை என்று யாருக்குத் தெரியும்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

ரெக்கார்டிங் அறை அந்தக் காலத்தில் சாமான் போட்டு வைத்த அறை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். கதவைச் சாத்தினால் உங்கள் மூச்சு உங்களுக்கே கேட்கும். பசை நாற்றம். அந்த இருட்டுத் தெருவில் விசிலடித்துக்கொண்டே வந்து சேர்ந்த சார் உட்கார்ந்தார். டீச்சரின் குரலை ஒரே தட்டில் அழித்தார். மூலையில் சின்னக் கட்டத்தில் தன் முகத்தை ஒட்டி, தன் குரலை மேலே போட்டார். மிச்சமிருந்தது அந்த இடைவெளிகள்தான்.

"யோசிக்க நேரமாம், நேரம்! யோசிக்கத் தெரிஞ்சவன் எதுக்குய்யா வீடியோ பாக்குறான்?" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார். மௌனத்தை எல்லாம் தானாக வெட்டிவிடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அமுக்கினார். பாடம் பாதியாகச் சுருங்கியது.

ஓட்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் கை நின்றது. இடைவெளி அப்படியே இருந்தது.

சரி, ஏதோ விட்டுப்போச்சு என்று மறுபடி வெட்டினார். மறுபடி ஓட்டினார். அதே இடம்... இந்தத் தடவை இன்னும் நீளம். தாளின் மேல் கை அசையாமல் இருந்தது. கீழே நேரம் மட்டும் ஓடியது. மூன்றாம் தடவை வெட்டப் போனபோதுதான் மூக்கில் ஏறியது. பசை நாற்றம் இல்லை.

தைலம்.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினார்.

'டொக்.'

ஹெட்போன் கையில் இருக்கிறது, ஐயா. சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பவில்லை. திரும்புகிற முதுகெலும்பு அவருக்கு ஏது? அவசரமாகக் கடைசிப் பொத்தானை அமுக்கினார். வீடியோ தயாரானது. நடுநடுவே தட்டிப் பார்த்தார். எங்கும் இடைவெளி இல்லை, வழவழவென்று ஓடியது. பிரமை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பெண்டாட்டி, "ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. திருடனைத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

காலை. டுடோரியல் ஹாலில் முதலாளி, மற்ற வாத்தியார்கள், பின்வரிசையில் அக்காவும் நம்ம மெக்கானிக்கும். பெரிய திரையில் பாடம் ஓடுகிறது. திரையின் மூலையில் சார் கத்துகிறார். "அரையைக் காலால வகுக்கணுமா? தலைகீழாக்கு, பெருக்கு, ரெண்டு! அவ்ளோதான்!"

கை நின்றது.

பிறகு மெதுவாக எழுதியது. 'ஏன்?'

'டொக்.'

மூலையில் இருந்த முகமும் நின்றுவிட்டது, வாய் பிளந்தபடி. "என்ன, சிக்கிக்கிச்சா?" என்றார் முதலாளி. கம்ப்யூட்டர் பார்க்கிறவர், "இல்ல சார், ஓடுது. நேரம் ஓடுது பாருங்க" என்றார். மூலை முகம் கண்ணைச் சிமிட்டியது. பிறகு குனிந்து... கீழே இருந்த தாளைப் பார்த்தது. அதன் நெற்றியில் வியர்வை வழிவதை மெக்கானிக் தன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

"யாரு தைலம் தேச்சிருக்கீங்க?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

முதலாளிக்கு இது புதுவித வீடியோ என்று நினைப்பு. சிரித்துக்கொண்டே, "நீங்களே சொல்லுங்களேன் சார். சின்னதைச் சின்னதால வகுத்தா எப்படிப் பெருசா வருது?" என்றார்.

சார் எழுந்தார். "அது... அது ரூல் சார்."

திரையில் விரல் தாளைத் தட்டியது. டக்... டக்... டக்.

சார் முதலாளியைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது, டீச்சர்" என்றார்.

அந்த 'டீச்சர்' ஒன்றிலேயே எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. திரையில் மார்க்கர் திறந்துகொண்டது. ஒரு வட்டம் வரைந்தது, பாதியைக் கிறுக்கி மறைத்தது, மிஞ்சிய அரையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தது. அரைக்குள்ளே இரண்டு கால். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட மெக்கானிக்குக்கே புரிந்துவிட்டதாம். சாருக்கு அப்போதும் புரியவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது!

வேலை போனது. போகட்டும், பீடை. முதலாளி டீச்சரின் பழைய பாடங்களையே, அவர் குரலோடும் இடைவெளியோடும், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். மெக்கானிக் மகளும் தினமும் பார்க்கிறாள். அவள்தான் முதலில் கேட்டாள். "அப்பா, டீச்சர் கேள்வி கேட்டதும் மாமா பதில் சொல்றாருப்பா."

மெக்கானிக் காதை வைத்துக் கேட்டான். சத்தமே இல்லாமல் இருந்த இடைவெளிகளில் இப்போது ஓர் ஆண் குரல். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிற மாதிரி... தயங்கித் தயங்கி... தப்பான விடை. உடனே, டக் டக் டக். மறுபடி அதே குரல், மறுபடி தப்பு.

அக்கா வீட்டுக்கு ஓடினான். மச்சான் உயிரோடுதான் இருந்தார். சுவரைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் திரும்பவில்லை. "வேலை போன அன்னிலேருந்து இப்படித்தான்டா" என்று அக்கா அழுதாள். பேச்சு இல்லை. உதடு மட்டும் அவ்வப்போது அசைகிறது. சட்டையெல்லாம் தைல வாசனை, எத்தனை தடவை துவைத்தாலும் போகவில்லையாம்.

அந்த விளக்கை இந்தப் பக்கம் நகர்த்து... இன்னும் ஒன்றுதான் இருக்கிறது.

நேற்று மெக்கானிக் மகள் போனும் கையுமாக ஓடி வந்திருக்கிறாள். "அப்பா, மாமா எல்லாத்துக்கும் சரியா சொல்லிட்டாரு! டீச்சர் இன்னிக்கு தசமம் ஆரம்பிச்சுட்டாங்க!"

டீச்சர் செத்தது, பின்னம் பாடத்தை முடித்த மறுநாள். தசமத்தை அவர் எடுக்கவே இல்லை.