கையுறையைக் கழற்றிய கைகளுக்கு

ஊவாத் தோட்டத் தொழிலாளர் நல வைத்தியசாலையில் எக்ஸ்றே பிரிவு தொடங்கிய 1948ஆம் ஆண்டு முதல் இன்றுவரை அதனை நடத்திவந்தவரும், பதுளை நகரில் பௌதிக நூல்களைத் தபாலில் தருவித்துப் படிக்கும் மிகச் சிலருள் ஒருவரும், எங்கள் மதிப்புக்கும் அவ்வப்போது எங்கள் கோபத்துக்கும் உரியவருமான உயர்திரு வை. கனகசுந்தரம் அவர்களே!

வணக்கம். விடைபெறுபவர் வயது நிறைந்து விடைபெறுவதாக எழுதுவதே இத்தகைய மடல்களின் வழக்கம். தாங்களோ வயது நிறையுமுன் போகிறீர்கள். தங்கள் வலக்கைச் சுட்டுவிரலில் ஆறாதிருக்கும் புண் புற்றுநோயே எனக் கொழும்பிலிருந்து முடிவு வந்துவிட்டது. விரலை எடுக்க வேண்டும்; தாமதித்தால் கையையும் எடுக்க நேரலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். அதற்குக் கொழும்பில் குறித்த நாளைத் தாங்கள் இருமுறை தள்ளிவைத்திருக்கிறீர்கள். இம்மண்டபத்தில் எல்லோரும் அறிந்த செய்தியை மறைத்துக்கொண்டு மாலை சூட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆய்வில் ஆர்வம் குன்றாதவரே! நமுனுகுலை, கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வாய்ப்புண்ணோடு வந்த பெண்களைப் படம் பிடிக்கத் தொடங்கிய நாள்களை நினைக்கிறோம். தாடை எலும்பை நோய் அரிப்பதைத் தொடக்கத்திலேயே காண, பிலிமை வாய்க்குள் வைத்து அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது கதிர் கையில் படாதிருக்கத் தரப்பட்ட ஈயக் கையுறை கறுத்துத் தடித்தது. அது முகத்தருகே வந்ததும் வாய்கள் மூடிக்கொண்டன. பேய்க் கை என்று ஒருத்தி சொல்ல, அந்தப் பெயர் தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதன்பின் தாங்கள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் விரலால் பிலிமைப் பிடித்தீர்கள். கதிர் கண்ணுக்குத் தெரியாது, சுடாது, ஆனால் உள்ளே சேர்ந்துகொண்டே போகும் என்று எங்களுக்கு விளக்கியவரும் தாங்களே. மருத்துவர் இரகுநாதன் எச்சரித்தபோதெல்லாம் ஒரே விடைதான்: “வாய் திறந்தாத்தானே டொக்டர் படம்.”

அப்படங்களை வைத்துத் தாங்கள் எழுதிய கட்டுரை கொழும்பில் மருத்துவர் கூட்டமொன்றில் வாசிக்கப்பட்டது. வெற்றிலையும் புகையிலையும் எந்தக் கன்னத்தில் அடக்கப்படுகின்றனவோ, அந்தப் பக்கத்து எலும்பே பெரும்பாலும் முதலில் அரிக்கப்படுகிறது என்று அது காட்டியது. அதற்காகத் தங்களைப் போற்றுகிறோம். கையுறையைக் கழற்றியதற்காகப் போற்ற மாட்டோம். தங்கள் இடத்துக்கு வருபவர் அதனை அணிந்தே தீரவேண்டும் என்பது எங்கள் முடிவு.

அறிவின் அடித்தளம்வரை தேடியவரே! இருட்டறையின் மூலையில் தாங்கள் அமைத்த பெட்டியை எங்களில் பலர் முதலில் எலிப்பொறி என்றே எண்ணினோம். புகைபிடித்த கண்ணாடிகளுக்குப் பின்னே மிக மங்கலான விளக்கு, அதன் முன்னே சவர அலகால் கீறிய இரட்டைப் பிளவு, அதற்கப்பால் பிலிம். சில நாள் வைத்த பிலிமில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் மட்டுமே இருந்தன. வாரக்கணக்கில் வைத்ததில் அதே புள்ளிகள் சேர்ந்து வரி வரியாக நின்றன. ஒளி துகளாக விழுந்து அலையாகக் கோலமிடுகிறது, ஒரு புள்ளி எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றீர்கள். காரணமில்லாமல் எதுவும் நடவாது, அதை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று மருத்துவர் வாதாடினார். தாங்கள் விட்டுக்கொடுக்கவுமில்லை, வெல்ல முயலவுமில்லை. “அப்பிடியும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. எந்தப் புள்ளி எங்க விழும் எண்டு மட்டும் கேளாதேங்கோ. எங்க கூட விழும், எங்க குறைய விழும் எண்டு கேட்டா சொல்லுவன்” என்றீர்கள். அந்த வாதத்தில் எங்கள் தேநீர் பல மாலைகள் ஆறிப்போயிற்று.

நோயாளரிடமும் தாங்கள் அப்படியே பேசினீர்கள். 1957இல் நமுனுகுலைத் தோட்டத்துப் பெரியாயிக்குத் தாடையில் புற்றுநோய் என்று படம் காட்டியது. ரேடியம் ஊசி வைக்கக் கொழும்புக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று, அவரோ வரவில்லை. எக்ஸ்றே வெளிச்சம் பட்டாலே நோய் போய்விடும் என்பது தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பலரது நம்பிக்கை. தாங்கள் தோட்டத்து லொறியில் ஏறிப் போனீர்கள். கூட வந்த தாதி றம்ஸியா சொல்லக் கேட்டதை இங்கே எழுதுகிறோம்.

“அதான் படம் புடிச்சாச்சே ஐயா. நோவும் கொறஞ்சிருச்சு. இன்னும் கொழும்பு எதுக்குங்க?” என்றாராம் பெரியாயி.

“படம் கண்ணாடி மாதிரி அம்மா. கண்ணாடி பாத்தா முகத்து அழுக்குப் போகுமோ?”

“கண்ணாடி பாத்தும் கழுவாத ஆளுங்க இந்த லயத்துல நெறைய இருக்காங்க.”

சிரிப்பு அடங்கியதும், போனால் பிழைப்பேனா என்று கேட்டாராம். போகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தேறுகிறார்கள், அவர் எந்தப் பாதியில் இருப்பார் என்று தெரியாது, போகாவிட்டால் தேற வழியே இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். அவர் சம்மதிக்கும்வரை அவர் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவை விட்டு எழவில்லை. பெரியாயி போனார். தாடை சற்று இறுகி, பேச்சுக் குழறித் திரும்பினார். இன்றும் கொழுந்து பறிக்கிறார். அதே வாரம் கொஸ்லந்தையிலிருந்து போன பெண் திரும்பவில்லை. அவருடைய பெயரையும் தாங்கள் மறந்ததில்லை.

சென்ற வாரம் நடந்ததற்கு எங்களில் மூவர் சாட்சி. தாங்கள் நாளைத் தள்ளிவைத்ததை றம்ஸியா மூலம் அறிந்த பெரியாயி, எக்ஸ்றே அறை வாசலில் வந்து தரையில் அமர்ந்துகொண்டார்.

“அன்னைக்கி நீங்க என் காம்பராவுல குந்திக்கிட்டு நகர மாட்டேன்னீங்க. இன்னைக்கி நான் இங்கன குந்திக்கிறேன்” என்றார்.

“எனக்கு வேலை கிடக்கு, பெரியாயி.”

“எனக்குந்தான் கொழுந்து கெடந்துச்சு.”

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “பயமா இருக்குதுங்களா?”

“ஓம், பயம்தான்” என்றீர்கள்.

“அப்ப கொழும்புக்கு நானும் கோச்சில வாரேன். அங்க ராவுல தூக்கம் வராதுங்க. பேச்சுக்கு ஒரு ஆளு வேணும்.”

வேண்டாம் என்று மறுத்தீர்கள். அவர் எழுந்து போகும்போது தங்கள் துணைவியார் ஞானேஸ்வரி அம்மையார் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். வாசலில் இரு பெண்களும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அம்முடிவுக்கு நாங்களும் உடன்பட்டோம்.

அன்பரே! பிரிவு நாளில் பொற்கடிகாரம் வழங்குவது இங்கே மரபு. இம்முறை அதை விட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை கொழும்பு செல்லும் புகையிரதத்தில் தாங்கள், அம்மையார், பெரியாயி மூவருக்கும் ஆசனங்கள் பதிவு செய்திருக்கிறோம். பெரியாயிக்குத் தோட்டத்தில் விடுப்புக் கேட்டு வாங்கியாயிற்று. சிகிச்சை செம்மையாக முடிந்து, தேறிய உடலும் தெளிந்த மனமும் கொண்டு நெடுங்காலம் வாழ எங்கள் நெஞ்சார வாழ்த்துகிறோம். மூன்றாம் முறை நாளைத் தள்ள வேண்டாம் என்று இந்தச் சபையறியக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்களோடு பணிபுரிந்த மருத்துவர், தாதியர், ஊழியர்
ஊவாத் தோட்டத் தொழிலாளர் நல வைத்தியசாலை
பதுளை, 1961