விரல் அறியா வண்டியை முட்டித் தள்ளியது குறித்து

என் பெயர் லூ யோங்லின். அகவை ஐம்பத்தொன்று. ஊஹான் மாநகர் ஹான்யாங் பகுதியில், பழைய நெசவாலைக் குடியிருப்பின் ஏழாம் கட்டடத்தில் மனைவியுடன் வசிக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஆளில்லா வாடகைக் கார் ஒன்றை வேண்டுமென்றே மோதிச் சேதப்படுத்தினேன் என்பது என்மீதுள்ள குற்றச்சாட்டு. மோதியதை மறுக்கவில்லை.

ஜூன் பன்னிரண்டாம் நாள் காலை எட்டேகால் மணிக்கு, பெங் தாமிங் என்பவர் தம் மனைவியைத் தோளில் தாங்கிவந்து என் வண்டியில் ஏற்றினார். அவ்வம்மையாரின் வாய் ஒருபுறம் கோணியிருந்தது, வலக்கை தொங்கியது, ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. ஆம்புலன்ஸ் வர அரைமணி ஆகும் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகப் பெங் கூறினார். பெருஞ்சாலையில் குழாய்ப் பணி நடந்தமையால், மீன்சந்தைச் சந்து வழியே மருத்துவமனைக்கு விரைந்தேன். அதன்பின், சந்தின் நடுவே, எதிரே ஓர் ஆளில்லா வண்டி வந்து நின்றது.

அச்சந்தில் இரு வண்டிகள் ஒதுங்க இயலாது. ஆகவே எதிரெதிரே நிற்கும் ஓட்டுநர்கள், தமக்குப் பின்னால் எத்தனை வண்டிகள் என்பதை விரலால் காட்டுவோம். குறைவாக உள்ளவர் பின்வாங்குவார். நாள்தோறும் நூறு முறை இவ்வாறு தீர்கிறது. வசை உண்டு, வழக்கு இல்லை. எனக்குப் பின்னால் ஆறு வண்டிகள் இருந்தன. எதிர்வண்டிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஓட்டுநருக்குப் பதிலாக வழி பார்க்கும் கருவி அதன் கூரையில் சுழல்வதைக் கண்டும், பழகிய கை தானே உயர்ந்து, எங்கள் ஊர் வழக்கப்படி பெருவிரலையும் சிறுவிரலையும் நீட்டி ஆறு என்று காட்டியது. தாமரைக்கிழங்கு விற்கும் ஃபாங் அம்மையார் அதைப் பார்த்து, "யாருகிட்ட விரலைக் காட்டிக்கிட்டு நிக்கிற? அதுக்குக் கையும் இல்ல, வெட்கமும் இல்ல" என்றார்.

அதன்பின் இறங்கிச் சென்று அவ்வண்டியின் உதவிப் பொத்தானை அழுத்தினேன். முன்னால் நிற்பவர் விலகினால் வண்டி நகரும் என்று ஒரு பெண்குரல் கூறியது. விலகினேன். நகர்ந்தது, பின்னோக்கி அன்று, முன்னோக்கி. என் வண்டிக்கு ஒரு முழம் முன்பாக மீண்டும் நின்றது. உள்ளே ஓர் உயிர் போராடுகிறது, பின்னால் எடுங்கள் என்று கத்தினேன். "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன் சார், கொஞ்சம் லைன்லயே இருங்க" என்றது அக்குரல். ஆறு நிமிடங்கள் இருந்தேன், இசைதான் ஒலித்தது. பெங் கண்ணாடியை இறக்கி, "தம்பி, இவ பேச்சு நின்னுபோச்சு" என்றார்.

அதன்பின் அவ்வண்டிக்குள் எவரும் இல்லை என்பதை இருமுறை உற்றுநோக்கி உறுதிசெய்து, சந்தையிலிருந்தோரை ஒதுங்கச் சொல்லி, என் வண்டியால் அதை முட்டி, சந்தின் முகப்புவரை நாற்பது மீட்டர் பின்னோக்கித் தள்ளினேன். எட்டு ஐம்பத்திரண்டுக்கு மருத்துவமனை சேர்ந்தேன்.

அவ்வண்டி குடிப்பதில்லை, உறங்குவதில்லை, சிவப்பு விளக்கை மீறுவதில்லை என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், நான் இருமுறை மீறித் தண்டம் கட்டியவன். ஆனால் எவர் உயிருக்காகவும் ஓரடி பின்வாங்காத ஒன்றை ஓட்டுநர் என்றழைக்க என் நா எழாது.

நேற்று அவ்வண்டியை இயக்கும் நிறுவனத்தார் ஒரு தாளைக் கொண்டுவந்தனர். நான் சாலையில் இறங்கி நின்றதே தாமதத்திற்குக் காரணம் என்று அதில் ஒப்பமிட்டால் வழக்கு இல்லை, பிடித்துவைக்கப்பட்டுள்ள ஓட்டுநர் உரிமமும் திரும்பும் என்றனர். தாளை மும்முறை படித்தேன். அவ்வண்டியின் உடைந்த முன்விளக்குக்கு மூன்று பத்தி, கூரைக் கருவிக்கு இரண்டு பத்தி இருந்தன. இன்றுவரை பேச்சு திரும்பாத அவ்வம்மையாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதில் ஒப்பமிட மறுக்கிறேன். உரிமத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே உள்ளவை எவர் அச்சுறுத்தலுமின்றி நானே சொன்னவை, படித்துக்காட்டக் கேட்டேன், அனைத்தும் உண்மை. இத்தாளில் மட்டும் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) லூ யோங்லின்