மூணாவது பத்தி

...அந்தப் பலகையில உக்காராதீங்க, ஈரம். இப்படி வாங்க, என் கம்பளி மேலயே உக்காருங்க. என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், அந்தக் கிளப் விதி. கிளப்புல ஆடுற பொண்ணு ஸ்கூல் டீமுக்கு ஒரு நிமிஷம்கூட கால்பந்து ஆடக்கூடாதாம். அந்த 'கூட'ங்கறத எந்த மகராசி போட்டாளோ, நல்லா இருக்கட்டும்.

அதோ, கோட்டுக்கு வெளிய, ஆரஞ்சு தண்ணி டப்பா பக்கத்துல குனிஞ்சுக்கிட்டிருக்கா பாருங்க, அதான் என் பொண்ணு மேரன். பன்னண்டாவது. இந்த ஊர்லயே எடது கால்ல அவள மாதிரி அடிக்க ஆள் கிடையாது. இப்ப பாட்டில் நிரப்பறா. ஆடத்தானே கூடாது, தண்ணி தூக்கலாமில்ல? விதியில அதப் பத்தி ஒண்ணும் இல்ல. எழுதினவளுக்குத் தோணல போல.

இந்த சாக்லேட் பாலக் குடிச்சுப் பாருங்க. வெறும் வெந்நீர். பெத்தவங்க சங்கத்துல முற வச்சுப் போடறது. என் முறையில ரெண்டு பொட்டலமா போடுவேன்... சரி, அத விடுங்க.

உங்க பொண்ணு ஒம்பதாவதுதானே? பையிலேர்ந்து நீலக் கவர் எட்டிப் பாக்குதே, கிளப் ஃபார்ம்தானே அது? தெரியும், தெரியும். காலேஜ் டீமுக்கு ஆள் எடுக்கற கோச்சுங்க எல்லாம் கிளப் ஆட்டத்துக்குத்தான் வருவாங்கன்னு சொல்லியிருப்பாங்க. பொய்யில்ல. வருவாங்க. மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து போனப் பாப்பாங்க. போன மே மாசம் கான்சஸுக்கு ஒம்பது மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டுப் போனேன். மழைன்னு ஆட்டத்த ரத்து பண்ணிட்டாங்க. திரும்ப ஒம்பது மணி நேரம். ஹோட்டல்ல வாஃபிள் நல்லா இருந்துச்சு, இல்லைங்கல.

என்ன தேடறீங்க, ஃபார்ம்ல கையெழுத்துப் போடப் பேனாவா? இந்தாங்க. நல்லா எழுதும்.

ஆகஸ்ட்ல மேரன் கிளப்ப விட்டுடறேன்னா. "அம்மா, இந்த ஒரு வருஷம் எனக்கு ஸ்கூல் டீமோட பஸ்ல போகணும்"னா. பஸ்ல போறதுக்கா நீ இத்தன வருஷம் ஆடினன்னு கேட்டேன். இன்னும் ஒரே வருஷம் பொறுத்துக்கன்னேன். மூணு வருஷமா அதையேதான் சொல்றேன், அது வேற விஷயம். அவ அப்பறம் கேக்கல. மறுநாளே வந்து தண்ணி தூக்கற வேல கேட்டு வாங்கிட்டா.

கோல்ல நிக்கறாளே, அந்த உயரமான பொண்ணு, கெல்சி. அவதான் கேப்டன். அவளும் எங்க கிளப்புலதான் இருந்தா. ரெண்டும் ஒம்பதாவது படிக்கறப்ப, ஸ்கூல் ஆட்டத்துல கெல்சிக்குக் கணுக்கால் பெசகிடுச்சு. அடுத்த வாரம் கிளப்புக்கு ஃபைனல். கோல்ல நிக்க ஆள் இல்லாம தோத்தோம். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க? அதான் பீட்சா கடையில பெத்தவங்கள எல்லாம் கூட்டி...

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஃபார்மத் திருப்புங்க. மூணாவது பத்தி. 'ஒரு நிமிஷம்கூட'. ஆமா, நான்தான். அந்தக் கடையில கை துடைக்கற பேப்பர்ல எழுதி, சுத்திக் குடுத்துக் கையெழுத்து வாங்கினேன். பதினாறு பேர்ல பதிமூணு பேர் போட்டாங்க. கெல்சி ஸ்கூல்தான்னு போயிட்டா. என் பொண்ணு, நான் சொன்னேன்னு கிளப்புலயே இருந்துட்டா. இப்ப கெல்சி பாட்டிலையும் இவதான் நிரப்பறா.

மேரனுக்குத் தெரியாது. கிளப் கோச்தான் எழுதினார்னு அவரத் திட்டிக்கிட்டிருக்கா. நானும் கூடச் சேந்து திட்டறேன். அவரு ரொம்ப நல்ல மனுஷன், பாவம்.

இருங்க, மைக்ல பேசறாங்க. இன்னிக்கு சீனியர் விழா. கடைசி வருஷப் பிள்ளைங்கள ஒவ்வொண்ணா கூப்பிடுவாங்க, அப்பா அம்மாவோட நடு மைதானத்துக்கு நடந்து போகணும். பிள்ளைங்க எழுதிக் குடுத்த அட்டையப் படிப்பாங்க. எனக்கு இதுல ஒண்ணும் இல்ல, சும்மா பாக்கத்தான் வந்தேன். கெல்சி போறா பாருங்க, அவங்கம்மா கையில மஞ்சப் பூ...

என் பொண்ணு பேரா? மேரன் ஹால்வர்சனாமா? அவ ஆடவேயில்லையே... கெல்சிதான் சொல்லியிருக்கணும். அங்கேர்ந்து கை தட்டறா.

கேளுங்க, படிக்கறாங்க. 'ஆடும் இடம்: தண்ணி டப்பா.' எல்லாரும் சிரிக்கறாங்க. நீங்களும் சிரிக்கலாம், பரவால்ல. 'மறக்க முடியாத நாள்: ஒம்பதாவதுல ஆறுக்கு பூஜ்யம்னு தோத்துட்டு, ஹீட்டர் ஓடாத பஸ்ல பாடிக்கிட்டே ஊர் வந்தது.'

...வீட்டுல எட்டு கப் இருக்குங்க. கிளப்புல ஆடி ஜெயிச்சு வாங்கினது. எட்டு.

அங்க தனியா நிக்கறா. என்னத்தான் தேடறா. ஒரு பூகூட வாங்கிட்டு வரலயே நான். கம்பளிய நீங்களே வச்சுக்குங்க, குளிரும். நடு மைதானம் வரைக்கும் ஒரு அம்பது அடி இருக்குமா? எழுதினது நான்தான்னு அவகிட்ட சொல்லி முடிக்க அது போதும்.

போறதுக்கு முன்னாடி... இன்னும் கையெழுத்துப் போடலயே? அந்தப் பேனாவ இப்படிக் குடுத்துடுங்க.