மூன்றாம் எண் ரேடியோ

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது.

இருட்டிக்கொண்டு வரும் நேரம். கல்குவாரிக்குப் போகும் மண்பாதை... எதிரே ஒரு லாரிகூட இல்லை. மச்சானுக்கு ரேடியோ வேலை. பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல. தூரத்து இயந்திரங்களின் கணக்கைக் காற்றுவழியே அலுவலகத்துக்கு அனுப்பும் இரும்புப் பெட்டிகள். அந்தப் பெட்டிகள் தங்கள் சிக்னலையும் சூட்டையும் தாமே சோதித்துச் சொல்லும்படி செட்டிங் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

குவாரியில் மேஸ்திரி மட்டும் இருந்தார். கல் அரைக்கும் இயந்திரத்துக்குள் அடைப்பெடுக்க இறங்கிய ஒரு தொழிலாளி, அது திடீரென்று ஓடியதில் போன வாரம்தான் செத்துப்போயிருந்தான். அங்கே மாட்டியிருந்த மூன்றாம் எண் ரேடியோவும் அவனோடு நொறுங்கிப்போனது. அன்றிலிருந்து இயந்திரம் நிறுத்தம். அதற்கு வரும் கரண்டையும் வெட்டிவிட்டார்கள்.

தகரக் கொட்டகையில் உட்கார்ந்து மச்சான் மடிக்கணினியைத் திறந்தான். முதல் ரேடியோ பதில் சொன்னது. இரண்டாவதும் சொன்னது. பிறகு... மூன்றாவது.

"மேஸ்திரி, மூணாம் நம்பரை மாத்திட்டீங்களா?"

"எங்க மாத்துறது? அதான் தூள்தூளாப் போச்சே."

சூடு முப்பத்தேழு என்று காட்டியது. மனுஷ உடம்புச் சூடு. சிக்னல் மெலிதாக இருந்தது. மறுபடி பார்த்தான்... கூடியிருந்தது. மறுபடி... இன்னும் கூடியிருந்தது. நின்ற இடத்தில் நிற்கும் பெட்டிக்குச் சிக்னல் இப்படி ஏறாது.

"ஏதோ கிட்ட வருதுங்க."

மேஸ்திரியின் முகம் வெளிறிவிட்டது. "அவன் உள்ள இருந்தது எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்று கத்தினார்.

அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே சரளைக்கல் நெரிந்தது. கரக்... கரக்... ஈரக் கல்தூளின் வாடை. கூடவே இரத்த வாடை.

கதவு கீலோடு பிய்ந்து உள்ளே விழுந்தது. மேஸ்திரியின் இரண்டு கால்களையும் ஏதோ வாரி இழுத்தது. நெற்றி தரையில் மோதிப் பிளந்தது. மச்சான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

"விட்றாத தம்பி! விட்றாத!"

விடவில்லை. வாசலில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். தோள்மூட்டு கழன்றது... அப்போதும் விடவில்லை. இருட்டுக்குள்ளிருந்து எதுவோ அவன் முன்கையைக் கவ்வியது. எலும்புவரை இறங்கியது.

விட்டுவிட்டான்.

அலறல் சரிவில் இறங்கிப் போனது. கரண்ட் இல்லாத அந்த இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அலறல் நின்ற பிறகும் நெடுநேரம் அரைத்தது.

விடிந்ததும் மேஸ்திரியைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். தலை மட்டும்தான் முழுசாக இருந்தது. போலீஸ்காரர்கள் அந்தத் தலையின் வாயைத் திறந்து பார்த்தார்கள். பல் ஒன்றும் குறையவில்லை.

பார்க்கவேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் மச்சானின் காயத்தைக் கழுவிய நர்ஸ், சதைக்குள்ளிருந்து இடுக்கியால் ஒரு மனுஷப் பல்லை எடுத்திருந்தார். வேரோடு.

கழுவக் கழுவ அதிலிருந்து கல்தூள் வந்துகொண்டே இருந்ததாம்.